அத்தியாயம் 7: 44,100-ஐ 48,000 ஆக்குவது, சுருதியும் நேரமும் கெடாமல்

கிள்ளானில் ஒரு கல்யாணம். நாதஸ்வர வித்துவான் இரண்டு கட்டையில் வாசித்தார். கேமரா மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தது. மேளக் குழுவுக்குப் பக்கத்தில் கையடக்க ரெக்கார்டர் ஒன்றை வைத்துத் தனியாக ஒலிப்பதிவு செய்திருந்தேன். தாலி கட்டும் காட்சிக்குக் கேமராவின் ஒலியையே வைத்துக்கொண்டு, ரெக்கார்டரில் இருந்த நாதஸ்வரத்தை மாலை மாற்றுவது, நலுங்கு, பந்தி என்று கோத்த தொகுப்புக்குப் பின்னணியாகப் போட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கொடுத்து இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் தாய்மாமா கூப்பிட்டார். சின்ன வயதில் தவில் பழகியவர்.

“தம்பி, படம் நல்லா வந்திருக்கு. ஆனா இது நம்ம மேளம் மாதிரி இல்லையே. அன்னிக்கு அவர் ஊதினது ரெண்டு கட்டை. இது ரெண்டரையும் இல்ல, மூணும் இல்ல. எதிலயும் சேரல. அந்த மனுஷன் சுருதி விலகி ஊதின மாதிரி ஆயிடுச்சேப்பா.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைச் சுட்டது. பிசகு என்னுடையது, பழி வாசித்தவர்மேல் விழுந்திருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தேன். ரெக்கார்டர் 44,100 சாம்பிளில் பதிவு செய்திருந்தது. என் வீடியோ 48,000. இரண்டையும் ஒன்றாக்க நினைத்து ஆடாசிட்டியில் ட்ராக்கின் பெயரை அழுத்தினால் விரியும் பட்டியலில் ‘ரேட்’ என்ற இடத்தில் 48,000 என்று மாற்றியிருந்தேன். மாற்றிவிட்டோம் என்றே நினைத்தேன். உண்மையில் ஒரு சாம்பிளைக்கூட நான் மாற்றவில்லை. பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தேன். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டைப் பற்றித்தான்.

சாம்பிள் ரேட் என்பது, ஒலி அலையை ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளந்து எழுதினோம் என்ற கணக்கு. அளந்த எண்கள் கோப்பில் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றை எந்த வேகத்தில் திரும்பப் படிக்க வேண்டும் என்பது கோப்பின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும். சாதாரண வேவ் கோப்பில் அந்தத் தலைப்பகுதி 44 பைட். அதில் நான்கே நான்கு பைட்டில் இந்த எண் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மணி நேரக் கச்சேரியின் சுருதியும் நீளமும் இந்த நான்கு பைட் சொல்லும் சொல்லை நம்பித்தான் இருக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் சரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முழச் சரத்தில் 147 பூ இருக்கிறது என்று வையுங்கள். அதே ஒரு முழத்தை 160 பூ வைத்து நெருக்கமாகக் கட்டித் தரச் சொன்னால், கடைக்காரர் சரத்தைப் பிரித்து, பூவின் இடைவெளியைப் புதிதாகக் கணக்கிட்டுக் கட்டுவார். சரத்தின் நீளம் மாறாது. இதுதான் ரீசாம்பிள், அதாவது உண்மையான மாற்றம். சரத்தைத் தொடாமல், “இனி முழத்துக்கு 160 பூ” என்று சீட்டு மட்டும் எழுதி வைத்தால், கையிலிருக்கும் 147 பூ ஒரு முழத்துக்குப் போதாது, சரம் குறுகிப்போகும். நான் செய்தது அது. 147, 160 என்பவை நான் கற்பனையாக எடுத்த எண்கள் இல்லை. 44,100-க்கும் 48,000-க்கும் உள்ள விகிதமே 147-க்கு 160. மென்பொருள் ஒவ்வொரு 147 சாம்பிளுக்கும் பதிலாக 160 புதிய சாம்பிள்களை, அக்கம்பக்கத்துச் சாம்பிள்கள் பலவற்றைப் பார்த்துக் கணக்கிட்டு எழுதுகிறது.

சீட்டு மாறிப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது? நம்மவர்களுக்குக் கையில் நல்ல கருவி இருக்கிறது: ஸ்வர ஞானம். கோப்பின் விவரத்தைத் திறப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும்.

44,100-ல் பதிந்ததை 48,000 என்று படித்தால் எல்லாமே 1.088 மடங்கு வேகமாகும். ஸட்ஜமம், சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் போய் நிற்கும். இரண்டு கட்டையின் ஸட்ஜமம் சுமார் 294 ஹெர்ட்ஸ். அது 320-க்கு ஏறும். இரண்டரைக் கட்டை 311, மூன்று கட்டை 330. தாய்மாமா சொன்னது அப்படியே சரி, எதிலும் சேராது. ஒரு மணி நேரப் பதிவு 55 நிமிடம் 7 விநாடியாகச் சுருங்கும். இதன் எதிர்த்திசையும் உண்டு: 48,000-ல் பதிந்ததை 44,100 என்று படித்தால் ஸட்ஜமம் இறங்கி, கைசிகி நிஷாதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் இடையில் தொங்கும், ஒரு மணி நேரம் 65 நிமிடம் 18 விநாடியாக நீளும். 32,000-ல் பதிந்தது 48,000 என்று ஓடினால் கணக்கு சரியாக ஒன்றரை மடங்கு, ஆகவே ஸட்ஜமம் பஞ்சமமாகிவிடும். இது சுருதியோடு சேர்ந்தே கேட்பதால், அவசரத்தில் காது ஏமாறக்கூட வாய்ப்புண்டு; பேச்சு வந்ததும் குட்டு வெளிப்படும், பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகள்போலக் கீச்சுக் குரலில் பேசுவார்கள். 96,000-ஐ 48,000 என்று படித்தால் ஒரு ஸ்தாயி கீழே, இரண்டு மடங்கு நீளம்.

பேச்சு மட்டும் உள்ள பதிவில் 1.088 மடங்கைக் கண்டுபிடிப்பது கடினம். ஆள் கொஞ்சம் படபடப்பாகப் பேசுகிறார் என்றே தோன்றும். ஆகவே நேரக் கணக்கையும் எப்போதும் பாருங்கள்.

இந்த இரண்டு எண்கள் ஏன் நம் தலையில் வந்து விழுந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 44,100 இசைத் துறையின் எண், 48,000 வீடியோவின் எண் என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஆனால் 44,100 பிறந்ததே வீடியோ நாடாவில். 1970களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க அவ்வளவு கொள்ளளவோடு எளிதில் கிடைத்த பொருள் வீடியோ டேப்தான். படம் இருக்க வேண்டிய கோடுகளில் ஒலியின் எண்களை எழுதினார்கள். கோட்டுக்கு மூன்று சாம்பிள். மலேசியாவைப் போல விநாடிக்கு 50 புலம் (அதாவது அரைப் படம்) காட்டும் முறையில், புலத்துக்கு 294 கோடு: 3 பெருக்கல் 294 பெருக்கல் 50, விடை 44,100. அமெரிக்கா, ஜப்பானின் 60 புல முறையில் 245 கோடு: 3 பெருக்கல் 245 பெருக்கல் 60, அதே 44,100. இரண்டு உலகத்துக்கும் பொதுவாக வந்த அந்த எண்ணைக் குறுவட்டு எடுத்துக்கொண்டது. 1982-ல் குறுவட்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்ததும் உலக இசை முழுவதும் அதில் தங்கிவிட்டது. தொழில்முறை ஒலிப்பதிவுக்கு 48,000 என்ற பரிந்துரையை ஒலிப் பொறியியல் சங்கம் 1984-ல் வெளியிட்டது. சினிமாவின் 24 ஃபிரேமுக்கு அது ஃபிரேமுக்கு 2,000 சாம்பிள் என்று வட்டமாக வகுபடும்; 44,100 போட்டால் 1,837.5, அரைச் சாம்பிளை யாரிடம் கொடுப்பது? மலேசியத் தொலைக்காட்சியின் 25 ஃபிரேமில் 48,000 என்பது 1,920. நியாயமாகச் சொன்னால் 25-ல் 44,100-ம் 1,764 என்று மீதியின்றி வகுபடுகிறது. எனவே நம் ஊரில் 48,000 பிடிவாதமாகக் கேட்கப்படுவதற்குக் காரணம் கணக்கைவிட மரபு: கேமரா, எடிட்டிங் மென்பொருள், ஒளிபரப்பு, திரையரங்கு எல்லாம் அந்த எண்ணில் பேசிக்கொள்கின்றன. நாம் மட்டும் வேறு எண்ணில் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வீடியோ வேலைக்கு வந்து சேரும் ஒலிகள் அப்படி ஒரே எண்ணில் வருவதில்லை. ஒரு நடன விழாவை எடுத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களால் இந்த நகரத்தில் நடன நிகழ்ச்சிக்குக் குறைவில்லை. எல்லாக் குழுவுக்கும் நேரடிப் பக்கவாத்தியம் வைக்கும் வசதி இராது. சென்னையில் பதிவு செய்த பாட்டு 44,100-ல் வரும். மண்டபத்து மிக்ஸர் 48,000. நடுவில் வரும் திரையிசை அல்லது ராப் துண்டு, யோகி பி, நட்சத்திரா குழுவின் 2006-ஆம் ஆண்டு ‘வல்லவன்’ போன்ற குறுவட்டுக் காலத்துத் தொகுப்பிலிருந்து எடுத்தது, அதுவும் 44,100. மாணவியின் அண்ணன் கைப்பேசியில் எடுத்த காட்சி இன்னொன்று. இவை எல்லாம் உங்கள் டைம்லைனில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ போன்ற இன்றைய மென்பொருள்கள் 44,100 கோப்பை 48,000 டைம்லைனில் போட்டால், தலைப்பகுதியைப் படித்துத் தாமே மாற்றிக்கொள்ளும். சுருதி போகாது, நேரமும் போகாது. அப்படியிருக்க ஏன் முன்கூட்டியே மாற்றச் சொல்கிறேன்? ஒரு கோப்பு ஒலிக் கலவைக்கு ஒருவரிடம், வண்ணத் திருத்தத்துக்கு இன்னொருவரிடம், திரும்ப உங்களிடம் என்று போய்வரும்போது, யார் எந்த இடத்தில் எந்தத் தரத்தில் மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. 44,100 ஒரு கணினியில் 48,000 ஆகி, அடுத்ததில் 44,100 ஆகி, மீண்டும் ஏறி வந்த கோப்புகளை நானே கையாண்டிருக்கிறேன். செருப்பை வாசலில் விடுவதுபோல, வேலைக்குள் நுழையும் இடத்திலேயே ஒரே ஒரு முறை, நல்ல முறையில் மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

அதைவிட நல்லது, மாற்றவே தேவையில்லாதபடி பதிவு செய்வது. ரெக்கார்டரைக் கையில் எடுத்ததும் முதலில் 48,000, 24 பிட் என்று வைத்துவிடுங்கள். பல கையடக்கக் கருவிகள் இசைப் பழக்கத்தில் 44,100, 16 பிட் என்றே பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. பேட்டரி மாற்றியபின் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும் கருவிகளும் உண்டு. 96,000 வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். வீடியோவுக்குத் தேவையில்லை என்பது என் முடிவு. 48,000, 24 பிட், ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 96,000 அதற்கு இரட்டிப்பு. வேவ் கோப்பின் எல்லை 4 ஜிபி. 96,000-ல் இரண்டு மணி நேரம் தாண்டியதும் கோப்பு உடைந்து அடுத்த கோப்பு தொடங்கும். கும்பாபிஷேகம்போல விடாமல் ஓடும் நிகழ்ச்சியில் அந்த உடைப்பு எந்த நொடியில் விழும் என்று நம்மால் சொல்ல முடியாது.

மண்டபத்து டிஜிட்டல் மிக்ஸரிலிருந்து யுஎஸ்பி வழியாக மடிக்கணினியில் பதியும்போது இன்னும் கவனம் வேண்டும். மிக்ஸரின் கடிகாரம் 48,000-ல் ஓட, பதியும் மென்பொருள் 44,100 என்று நினைத்துக்கொண்டிருந்தால், தவறான சீட்டோடேயே கோப்பு பிறக்கும். ஒலி அமைப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: “அண்ணே, மிக்ஸர் எதுல ஓடுது, நாப்பத்தெட்டா, நாப்பத்துநாலா?” பிறகு பத்து விநாடி பதிந்து, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இனி மாற்றும் வேலை. ஆடாசிட்டியில் ட்ராக்கைத் தேர்ந்து, மேலே ‘ட்ராக்ஸ்’ பட்டியலில் உள்ள ‘ரீசாம்பிள்’ என்பதைப் பயன்படுத்துங்கள். ட்ராக்கின் சொந்தப் பட்டியலில் உள்ள ‘ரேட்’ சீட்டு ஒட்டும் இடம். அடோபி ஆடிஷனிலும் இதே இரட்டைக் கதவு உண்டு: ‘கன்வர்ட் சாம்பிள் டைப்’ மாற்றும், ‘இன்டர்பிரெட் சாம்பிள் ரேட்’ சீட்டை மட்டும் மாற்றும். இரண்டாவது கதவும் தேவைப்படும் நாள் வரும். சீட்டே தவறாகப் பிறந்த கோப்புக்கு முதலில் சரியான சீட்டை ஒட்டிவிட்டு, அதன் பிறகுதான் மாற்ற வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் பிசகு கோப்புக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும். ரீப்பரில் ரெண்டர் செய்யும் இடத்தில் ரீசாம்பிள் தரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நூறு கோப்பு இருந்தால் எஃப்எஃப்எம்பெக் அல்லது சாக்ஸ் ஒரே கட்டளையில் முடித்துத் தரும்.

தரம் என்பது எங்கே தெரியும்? ஏற்றும்போது பெரும்பாலும் தெரியாது, இறக்கும்போது தெரியும். 48,000 சாம்பிளில் 24,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குத்தான் இடம். 96,000-ல் பதிந்த பஜனையில் ஜால்ராவின் உலோக ஒலி அதற்கு மேலும் போயிருக்கும். வடிகட்டாமல் பாதியாகக் குறைத்தால் 30,000 ஹெர்ட்ஸில் இருந்த ஒலி மடிந்து 18,000-ல் வந்து விழும். ஜால்ரா மணியின் ஓசை போய், மணல் உரசுவதுபோன்ற சலசலப்பு ஒட்டிக்கொள்ளும். நல்ல மாற்றி முதலில் வடிகட்டிவிட்டுத்தான் குறைக்கும். ஆகவே ‘வேகம்’, ‘தரம்’ என்று கேட்கும் இடத்தில் எப்போதும் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய கணினிக்கு அது பெரிய சுமை இல்லை.

இன்னொரு பொறி: உச்ச அளவுவரை ஏற்றி முடித்த குறுவட்டுப் பாட்டு. சாம்பிள்களுக்கு இடையில் இருக்கும் அலையின் முகடு, சாம்பிள்களைவிட உயரமாக இருக்கலாம். புதிய இடங்களில் அளக்கும்போது அந்த முகடு அகப்பட்டு, எல்லையைத் தாண்டி வெட்டுப்படும். மாற்றுவதற்கு முன் 2 டெசிபல் குறைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. வேலை முழுவதையும் 24 பிட் அல்லது 32 பிட் ஃப்ளோட்டில் வைத்திருங்கள்.

சாம்பிள் ரேட்டைச் சரியாக மாற்றியும் ஒலி ஒட்டவில்லை என்று பலர் என்னிடம் வருவார்கள். முதலில் நான் கேட்பது: “தொடக்கத்துல எவ்வளவு விலகல், கடைசியில எவ்வளவு?” இரண்டும் ஒன்றென்றால் அது தூரம். ஒலி 40 மில்லிவிநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர்தான் போகும். 25 ஃபிரேம் வீடியோவில் அது ஒரு ஃபிரேம். மண்டபத்தின் கடைசியில் நிற்கும் கேமரா மைக் இரண்டு ஃபிரேம் தாமதித்துக் கேட்பது இயல்பு. நகர்த்தி வைத்தால் போதும். விலகல் வளர்ந்துகொண்டே போனால், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஐந்து நிமிட அளவில் இருந்தால் 44,100, 48,000 குழப்பம். இரண்டு நிமிடம் 24 விநாடி என்றால் 24 ஃபிரேம் படம் 25-ல் ஓடுகிறது. 3.6 விநாடி என்றால் யாரோ 30-க்கும் 29.97-க்கும் நடுவில் தடுமாறியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த கேமராவில் இதைப் பார்க்கலாம். ஒன்றிரண்டு ஃபிரேம் மட்டும் என்றால் யார்மீதும் குற்றமில்லை, இரண்டு கருவிகளின் கடிகாரப் படிகங்கள் வேறு வேறு. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசமே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி ஆகிறது. அதற்கு சாம்பிள் ரேட்டை மாற்றக் கிளம்பாதீர்கள். நிகழ்ச்சியில் இயல்பாக அமைதி விழும் இடத்தில் ஒலியை வெட்டி, ஒரு ஃபிரேம் நகர்த்திவிடுங்கள்.

கைப்பேசியில் பேசியதைப் பதிவு செய்து பேட்டியாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். பழைய தொலைபேசி ஒலி 8,000 சாம்பிள். அதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. ‘ஸ’ போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான். 48,000 ஆக்கினால் டைம்லைனில் உட்காரும், அவ்வளவே; தொலைந்த எழுத்து திரும்பி வராது. பாட்டி பேசுவதைக் கேட்டு அனுப்பும் பேரப்பிள்ளையிடம், வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாமல், ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்து ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

பாட்டி என்றதும், இந்த ஊரில் மாற்றத்துக்காக அதிகம் வந்து சேரும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 1990களின் இறுதியிலும் 2000களிலும் மினி டிவி (MiniDV) நாடாவில் எடுத்த கல்யாணம், சடங்கு, தைப்பூசக் காவடி. அந்தக் கேமராக்களில் இரண்டு ஒலி முறை இருந்தது. 16 பிட் என்றால் 48,000. 12 பிட் என்றால் 32,000. பல கேமராக்கள் 12 பிட்டிலேயே வந்தன, எடுத்தவர் அந்தப் பட்டியலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். சில நாடாக்களில் பாதி ஒன்றிலும் பாதி மற்றொன்றிலும் இருக்கும், நடுவில் யாரோ கேமரா இரவல் கொடுத்திருப்பார்கள். நாடா முழுவதையும் ஒரே கோப்பாகப் பிடித்தால், முதல் பகுதியின் எண்ணையே கடைசிவரை நம்பிவிடும் மென்பொருள்களும் உண்டு. பத்துமலைப் படிக்கட்டில் உறுமி திடீரென்று ஒன்றரை மடங்கு வேகத்தில் முழங்கினால், அல்லது இன்று நம்மோடு இல்லாத ஒருவர் பிள்ளைக் குரலில் ஆசீர்வாதம் சொன்னால், காரணம் இதுதான். மாறும் இடத்தில் கோப்பை வெட்டி, 32,000 பகுதிக்கு 32,000 என்ற சரியான சீட்டை ஒட்டி, அதன் பிறகு 48,000-க்கு ரீசாம்பிள் செய்யுங்கள். இரண்டுக்கு மூன்று என்ற எளிய விகிதம், சுத்தமாக வரும்.

வீட்டாரில் வயதான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் செய்யுங்கள். “ஆமா, அவங்க குரல்தான்” என்று அவர் சொன்ன பிறகு, பழைய 32,000 கோப்பை அழிக்காமல், அதன் பெயரிலேயே ‘32 மூலம்’ என்று எழுதி, புதிய கோப்போடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.